என்கிட்ட மட்டும் ஒட்டிக்கும்

“குழந்தைங்களும் வாயில்லா ஜீவன்களும் என்கிட்ட மட்டும் தனியா ஒட்டிக்கும்” என்று சொல்கிற ஆசாமி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருக்கிறார். நெற்றியைச் சுருக்கி யோசிக்க வேண்டாம், இருக்கிறார். குடும்பத்துக்கு ஒருவர் என்று அளந்துதான் இவர்களை அனுப்பி வைக்கிறார்கள். எங்கோ கை தவறி சில குடும்பங்களுக்கு இரண்டு பேர் வந்துவிடுவதும் உண்டு. இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர், ஒரு கால் செருப்பைக் கழற்றி மறுகால் செருப்பைக் கழற்றுவதற்குள், தொட்டிலில் தூங்குவது யார், கட்டிலுக்கடியில் பதுங்கியிருப்பது யார், கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்குவது யார் என்று கண்ணாலேயே துழாவிவிடுவார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, குரலை அது வழக்கமாக இருக்கிற இடத்திலிருந்து கிளப்பி உச்சாணியில் ஏற்றி, “அடடடடா! யாரு இது? யாரு வந்திருக்கா பாரு!” என்று பாய்வார். வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அது அழ ஆரம்பிக்கிறது.

அழுதால் இவர் அசந்துவிடுவாரா? “தூக்கம் வந்துடுச்சு, அதான்.” நாய் குரைத்தால், “விளையாடக் கூப்பிடுது.” கிளி விரலைப் பதம் பார்த்து ரத்தம் கொட்டினால், கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே, “பாசத்துல கவ்வுது.” எந்த உயிர் எந்தத் திசையில் தப்பி ஓடினாலும் அந்த ஓட்டத்துக்கு அன்பு என்று அர்த்தம் சொல்ல இவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். விளக்கம் எதுவும் கைவசம் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, கூச்ச சுபாவம்.

நம் கதாநாயகர் இந்த இனத்தில் முதல் தரம். மெத்தையும் சோபாவும் விற்கிற பெரிய கடை ஒன்றில் மேலாளர். ஐம்பதைத் தாண்டியவர்; ஆள் வாட்டசாட்டம்; குரல் ஆளைவிட வாட்டசாட்டம்; மூக்குக்குக் கீழே, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சீவிச் சிங்காரித்து வளர்த்து வரும் ஒரு மீசை. கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டி உள்ளே வந்தால் போதும், கடைக்கோடியிலிருந்து இவர் புறப்பட்டுவிடுவார். “வாங்க வாங்க வாங்க! நிக்காதீங்க, உக்காருங்க! இதுல உக்காருங்க! அட, படுத்தே பாருங்க, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க!” வந்தவர்கள் முகத்தில் ஒரு பார்வை வரும். கண் கொஞ்சம் விரியும், உடம்பு கொஞ்சம் பின்னுக்குப் போகும், ஒரு கால் வாசல் பக்கம் திரும்பும். “இல்லீங்க, சும்மா பாக்கலாம்னு வந்தோம்” என்று சொல்லிக்கொண்டே துணி அலமாரிகள் நிற்கிற வரிசைக்குப் பின்னால் போய் மறைவார்கள். அலமாரி வாங்க வந்தவர்களாக இருந்தால் மெத்தைகளுக்குப் பின்னால் மறைவார்கள். நம்மவர் அங்கேயும் போவார். ஒரு நாள் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “பாவம், களைச்சுப் போயிருப்பீங்க. கொஞ்ச நேரம் உள்ள கேபின்ல உக்காருங்களேன்” என்றார். தன் மேல் முதலாளிக்கு எவ்வளவு அக்கறை என்று அன்று வீட்டில் வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இவர் பெருமை பேசும்போது அந்த அம்மாள் பல வருடமாகவே வாய் திறப்பதில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவள் மகள். ஒரே மகள், வேறு ஊரில் வேலை, வாடகைக்கு ஒரு அறை. அலுவலகத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு வண்டியின் எஞ்சினுக்கடியில் கிடந்து கத்திக்கொண்டிருந்ததைத் தூக்கி வந்து வளர்த்திருக்கிறாள். அறைக்குச் சொந்தக்காரர் பூனை ஆகாது என்று ஒற்றைக்காலில் நிற்க, ஒரு கூடையில் வைத்துத் துண்டால் மூடி இங்கே எடுத்து வந்துவிட்டாள். சாம்பல் நிறம், முன்னங்கால் இரண்டிலும் வெள்ளை, உள்ளங்கையில் அடங்குகிற உருவம். கூடையைக் கூடத்தில் வைத்துவிட்டு அவள் பேசியது அம்மாவிடம்தான்.

“இந்த மாசக் கடைசியில நான் திரும்ப வருவேன்மா. அதுக்குள்ள இங்க பழகிடுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். பயந்துக்கிட்டே இருந்துச்சுன்னா வேண்டாம், என் சிநேகிதி ஒருத்தி கேட்டிருக்கா, அவ வீட்ல விட்டுடறேன். பயந்து பயந்து ஒரு உசுரு இருக்கக் கூடாதும்மா.”

“பயமா? யாரைப் பாத்து? என்னையா?” நம்மவர் சிரித்த சிரிப்பில் கூடை லேசாக ஆடியது. “நாளைக்குக் காலைல ஃபோன் பண்ணு. என் தோள் மேல உக்காந்துக்கிட்டுப் பேசும் உன்கூட.”

சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு இது விளையாட்டு இல்லை. மகள் ஃபோன் செய்வது அம்மாவின் எண்ணுக்கு. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பாய்ந்து வாங்கி, “என்னம்மா! சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? ஏன் அதைச் சாப்பிட்டே? தூங்கினியா? மேனேஜர் என்ன சொன்னான்? நான் வந்து பேசட்டுமா அவன்கிட்ட?” என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கத்தில் உடனே ஒரு மீட்டிங் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையிலும் வரும். அவருக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததை எடுத்து வைக்க மனதில் இடம் இல்லை, அவ்வளவுதான். பூனை இந்த வீட்டில் இருந்தால் அதைப் பார்க்கவாவது பெண் வீடியோவில் கூப்பிடுவாள். பூனை யார் மடியில் இருக்கிறதோ அவரையும் சேர்த்துத்தானே பார்த்தாக வேண்டும்? ஆகவே பூனை அவர் மடியில் இருந்தாக வேண்டும்.

மறுநாள் காலை பூனை இருந்தது துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். முதல் நாள் மாலை அவர் கூடையைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு, “அடடடடா!” என்றபோது போனதுதான். பிடரியில் கால் பட ஓடியது என்பார்களே, அந்த ஓட்டத்தை அவர் கண்ணால் கண்டார். “புது இடம், அதான்” என்றார். அதற்கடுத்த நாள், “கூச்ச சுபாவம்” என்றார். செல்லம் என்று கூப்பிட்டார், தங்கம் என்றார், பட்டு என்றார், மகாராணி என்றார், கடையில் பெரிய ஆர்டர் கொடுக்க வருகிறவர்களைக் கூப்பிடுவதுபோல மேடம் என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தார். கையில் மீனை வைத்துக்கொண்டு, இயந்திரத்துக்குப் பின்னால் தோள் வரைக்கும் கையை நுழைத்தார். கை மாட்டிக்கொண்டது. மனைவி வந்து இயந்திரத்தை நகர்த்தி விடுவித்தாள். மீனைக் காணோம். பூனையையும் காணோம்.

சரி, அது எல்லாரைப் பார்த்தும் பயப்படுகிற ஜென்மம் என்றால் மனம் ஆறிப்போகும். அப்படி இல்லையே! அங்கேதான் வயிறு எரிந்தது. “பூனை கட்டில் மேல ஏறினா நான் கட்டிலை விட்டு இறங்கிடுவேன்” என்று முதல் நாளே அறிவித்துவிட்ட மனைவியின் காலடியிலேயே அது சுற்றியது. அவள் வெங்காயம் நறுக்கினால் அது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தைப் பார்த்தது. மனைவியின் தம்பி ஒருவன். பூனை முடி பட்டால் தும்மல் பிடித்துக்கொள்ளும் என்று, வந்தால் கைக்குட்டையோடு ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பவன். நேராகப் போய் அவன் மடியில் ஏறிப் படுத்தது. “மாமா, இதை எடுங்க மாமா… ஹச்!” என்று அவன் தும்மிய தும்மலுக்குக்கூட அது காதை ஒரு தடவை ஆட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. சுவரில் ஓட்டை போட வந்த மின் வேலைக்காரர், தெருவுக்கே கேட்கிற மாதிரி டிரில்லிங் மெஷினை ஓட்டினார்; அவருடைய கருவிப் பைக்குள் ஏறி, ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவில் ஒரு வசதியான இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டு அந்தக் காட்சியை ரசித்தது குட்டி. அந்த இரைச்சலுக்குப் பயம் இல்லை; இவர் “செல்லம்” என்று சொன்னால் பயம். நியாயமா?

அது பயந்து ஓடியது மூன்றே பேரைப் பார்த்து. முதலாவது இவர். இரண்டாவது, இவருடைய அக்கா. பக்கத்துத் தெருவில் இருக்கிறவர், நினைத்தபோது வருவார், வரும்போதே வளையல் சத்தம் வாசலில் கேட்கும். மூன்றாவது, அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற செய்தியைக்கூட வீடு வீடாக வந்து, தோளில் தட்டி, கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறவர்.

நம்மவர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆராய்ச்சி என்றால், தப்பு தன் மேல் இல்லை என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த முடிவுக்குக் காரணம் தேடிக்கொண்டு போகிற அந்த முறை. நம் எல்லாருக்கும் நல்ல பழக்கமானதுதான். முதலில் முகச்சவரத்துக்குப் பிறகு தடவுகிற திரவத்தின் மேல் சந்தேகம் வந்தது, அதை நிறுத்தினார். பிறகு கட்டம் போட்ட சட்டை, அதையும் விட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போய்க் கொஞ்சினார்; கொஞ்சியது மனைவி கழற்றி வைத்திருந்த கம்பளித் தொப்பியை. அதற்கப்புறம்தான் அவருக்கு அந்தப் பெரிய ஞானோதயம் உண்டானது. மீசை! செயலாளருக்கும் மீசை, தனக்கும் மீசை. மச்சினன் முகம் மழித்த முகம். மின் வேலைக்காரரும் அப்படித்தான். தெளிவாக விளங்கிவிட்டது. அந்தக் கார் நிறுத்துமிடத்தில் மீசை வைத்த எவனோ ஒரு காவல்காரன் இந்தச் சின்ன உயிரைக் கம்பால் விரட்டியிருக்கிறான். படுபாவி! அந்த முகம் தெரியாத காவல்காரன் மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. எவனோ செய்த பாவத்துக்குத் தன் மீசை பழி சுமப்பதா என்று ஒரு பொழுது தவித்தார். கடைசியில், மகளையும் பூனையையும் நினைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, மழித்துவிட்டார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து மனைவி வீல் என்று கத்தினாள். பூனைக்குட்டி ஒரு கணம் நின்று பார்த்தது. அவர் “பாத்தியா செல்லம்!” என்று குனிந்தார். அது போன வேகத்தில் கால்மிதி திரும்பிக்கொண்டது.

நொந்துபோய் மகளுக்கு ஃபோன் போட்டார். “ஏம்மா, அங்க கீழ காவலுக்கு இருக்கிறவருக்கு மீசை உண்டா?”

“இருக்கே. ஏன்பா?”

“நினைச்சேன்! அவன்தான் இதை அடிச்சு விரட்டியிருக்கான்!”

“ஐயோ, அந்த அண்ணனா? நான் தூக்கிட்டுப் போற வரைக்கும் அவர்தான்பா தினமும் பால் ஊத்தினாரு. அவர் மீசையைப் பிடிச்சுத் தொங்கும்பா இது. உங்க மீசையைவிடப் பெருசு… சரிப்பா, மீட்டிங்.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, பல வருடத்து மௌனத்தைக் கலைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஏங்க, உங்க அக்காவுக்கு மீசை இல்லையே?”

மழிப்பதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கலாம். “அப்ப உங்க வம்சத்தைப் பாத்துதான் பயப்படுதோ என்னவோ” என்று அவளே ஒரு கருத்தும் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். ஆனால் செயலாளர் இவர் வம்சம் இல்லை. நம்மவருக்கு மண்டை காய்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், அங்கே யாரோ ஒரு உருளைக்கிழங்கு அவரைப் பார்த்து முழித்தது. கடையில் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு கிடங்குப் பக்கம் ஓடினார்கள். மாதமும் கடைசிக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் குட்டி சாப்பாட்டு மேஜைக்கடியில், சுவர் மூலையில் பம்மி உட்கார்ந்திருந்தது. நாற்காலிகள் சுற்றிலும் இருந்ததால் ஓடுவதற்கு வழி ஒன்றுதான். அந்த வழியை அடைத்துக்கொண்டு நம்மவர் நாலு காலில் உள்ளே நுழைந்தார். உடம்பு முழுக்க உள்ளே போய், நாற்காலியில் மாட்டிய வேட்டியை இழுத்து எடுத்துக்கொண்டு, வந்த வழிப் பக்கம் முகத்தைத் திருப்பித் தரையோடு தரையாகக் கிடந்த அந்த நேரம் பார்த்து, வாசலில் வளையல் சத்தம் கேட்டது.

“எங்கடி அந்தக் குட்டி? எங்க என் ராஜாத்தி? அத்தை வந்திருக்கேன் பாரு!”

மேஜைத் துணி விலகியது. வெளிச்சத்தோடு சேர்ந்து, முழங்கை வரைக்கும் வளையல் போட்ட இரண்டு கைகள், பத்து விரலும் விரிந்து, குலுங்கிக்கொண்டே உள்ளே வந்தன. கைகளுக்குப் பின்னால், இருந்த ஒரே வழியையும் மறைக்கிற மாதிரி ஒரு முகம். முகம் முழுக்கப் பல். அதற்கு மேலே இமைக்காத இரண்டு கண்கள். வேண்டும் என்று செய்யவில்லை, அவர் உடம்பு தானாகவே செய்தது: நம்மவர் பின்னால் துள்ளி, மேஜையின் அடிப்பலகையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டு, சுவர் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டார். மூலையில் ஏற்கெனவே குட்டி இருந்தது. இடம் கொஞ்சம்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒடுங்கினார்கள்.

கைகள் ஒரு கணம் தயங்கின. பிறகு முகம் மலர்ந்தது.

“டேய்! நீயா? என்னடா இது, மீசையை எடுத்துட்டே! அடடடடா, சின்னப் பிள்ளையில இருந்த மாதிரியே இருக்கேடா! அதே கன்னம்டா!”

விரல்கள் வந்தன. இரண்டு கன்னத்தையும் பிடித்துத் திருகி, இழுத்து, ஆட்டி, விட்டன. மகளுக்குக் கல்யாணம் பேசுகிற வயதில், கடையில் எல்லாரும் சார் என்று கூப்பிடுகிற மனிதர், மேஜைக்கடியில் கண்ணில் நீர் முட்டக் கிடந்தார். வலித்தது மட்டும் இல்லை. அந்த விரல்களை அவருக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அக்காவும் அக்காவின் கூட்டாளிகளும் வருகிற சத்தம் கேட்டாலே அவர் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுகொள்வார். எல்லாருக்கும் அவர் மேல் கொள்ளை ஆசை. அந்த ஆசையிலிருந்து தப்பிக்கத்தான் அந்த இடுக்கு. “இவனுக்கு ரொம்பக் கூச்ச சுபாவம்” என்று அவர்கள் பேசிக்கொள்வது இடுக்குக்குள் கேட்கும்.

கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினார். குட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் விரிந்து, உடம்பு பின்னுக்குப் போய், ஒரு கால் வழி இருக்கிற பக்கம் திரும்பி. இந்தப் பார்வையை எங்கேயோ… அட, எங்கேயோ என்ன, தினமும்! கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், துணி அலமாரிகளின் வரிசைக்கு முன்னால்! சும்மா பாக்கலாம்னு வந்தோம்! அதே கண், அதே கால். ஃபோனில் கண் தெரியாது. கண் தெரிந்திருந்தால், மீட்டிங் என்று சொல்கிறபோது மகளின் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்குமோ? இதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அக்கா போனபிறகும் கொஞ்ச நேரம் மேஜைக்கடியிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி குனிந்து பார்த்து, “டீ உள்ளயே குடுத்துடட்டுமா?” என்றாள்.

“நான்தான்” என்றார்.

“என்ன நீங்கதான்?”

“அது பயப்படறது… மீசையைப் பாத்து இல்ல. நான்தான். என் கையும் என் குரலும். விழுந்து விழுந்து கொஞ்சறவங்களைப் பாத்துதான் அது ஓடுது. நீ அதைக் கண்டுக்கவே இல்ல, உன்கிட்ட வருது.”

“இதுக்கா மீசையை எடுத்தீங்க?” என்று கேட்டாள் அந்தப் புண்ணியவதி. சிரிப்பு வந்தது அவருக்கு. இடித்த தலையைத் தடவிக்கொண்டு, திருகிய கன்னத்தோடு, மீசை இல்லாத வாயால் சத்தம் வராமல் சிரித்தார். நாமாக இருந்தால் அழுதிருப்போம். அந்த விஷயத்தில் மனிதர் பெரிய மனிதர்தான்.

அன்றிலிருந்து அவர் ஒரு விரதம் பூண்டார். சும்மா இருப்பது. சொல்வதற்குச் சுலபம். மாலையில் கடையிலிருந்து வந்ததும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, குட்டி இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி, செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். குட்டி அந்தப் பக்கம் நடந்தால் கை தானாக நீண்டது. தண்டவாளத்தில் ரயில் கிளம்புகிற மாதிரி கை கிளம்பும். இவர் மறு கையால் பிடித்து நிறுத்துவார். பிறகு மறு கை கிளம்பும். கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார். கை இல்லாமல் தாளைத் திருப்ப முடியாது. ஒரே பக்கத்தை எல்லா மாலையும் படித்தார். கிணற்று மோட்டார் பழுது பார்க்கிற ஒருவரின் விளம்பரம் அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. “அட” என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும், விழுங்குவார். மனைவி அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சூடாக ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

கடையிலும் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வந்த ஒரு தம்பதி சோபாவில் தாங்களாகவே உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டி, தங்கள் வீட்டுக் கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார்கள். அந்தக் கேள்வி அந்தக் கடையில் அதுவரை அவர் காதில் விழுந்ததே இல்லை.

பிறகு ஒரு மாலை, காலின் பெருவிரலில் ஏதோ ஈரமாகப் பட்டது. அவர் விளம்பரத்தையே பார்த்தார். ஈரம் கணுக்காலுக்கு வந்தது. முழங்கால் மேல் ஒரு பாதம், அப்புறம் இன்னொரு பாதம். மடியில் ஒரு சின்னக் கனம் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, படுத்தது. கர்ர்ர் என்று ஒரு சத்தம் அவர் தொடை வழியாக எலும்புக்குள் ஓடியது. மனைவி உள்ளேயிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் கண்ணாலேயே, பேசாதே, நகராதே, பார், பார் என்று நாலு விஷயம் சொன்னார்.

“மூச்சு விடுங்க” என்றாள் அவள், மெதுவாக.

மகள் வருகிற நாள் வந்தது. வழக்கமாக அவர் தெருமுனையிலேயே போய் நின்று, வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, பெட்டியைப் பிடுங்கி, “இளைச்சுட்டியேம்மா!” என்று அந்தத் தெருவுக்கே அறிவிப்பார். இந்த முறை சோபாவில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் தொடைக்கடியில். மகள் உள்ளே வந்து பார்த்தாள். மீசை இல்லாத, சத்தமும் இல்லாத அப்பா. முகம் வெளுத்துவிட்டது பெண்ணுக்கு.

“அம்மா, அப்பாவுக்கு என்னம்மா? டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பூனை வளக்கறார்” என்றாள் அம்மா.

“வா” என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதில் நெற்றி வியர்த்தது.

அவள் சோபாவின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள். குட்டி எங்கிருந்தோ வந்து, மகளை முகர்ந்துவிட்டு, நேராக அவர் மடியில் ஏறிச் சுருண்டது. மகள் வாயைப் பிளந்தாள். பூனையைத் தடவ வேண்டும் என்றால் கிட்டே வந்தாக வேண்டும். கொஞ்சம் நகர்ந்து வந்தாள். தடவிக்கொண்டே இருந்தவள், யாரும் எதுவும் கேட்காமல், பூனையைப் பார்த்தபடியே சொன்னாள்: “எனக்கு அந்த வேலை பிடிக்கலப்பா.”

ஐயா, அந்த நிமிஷத்தில் அந்த மனிதர் பட்ட பாடு! என்ன செய்ய வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், மேனேஜரிடம் எப்படிப் பேச வேண்டும், தான் அந்த வயதில் என்ன செய்தோம் என்று அத்தனை யோசனைகளும் தொண்டையில் வந்து, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றன. அவர் எல்லாவற்றையும் விழுங்கினார். விழுங்கிய சத்தம் வெளியே கேட்டது.

“ம்” என்றார்.

அவள் சொன்னாள். வேலையைப் பற்றிச் சொன்னாள், தனியாகச் சாப்பிடுவதைப் பற்றிச் சொன்னாள், சில நாள் ஒன்றுமில்லாததற்கு அழுகை வருவதைப் பற்றிச் சொன்னாள். டீ ஆறிப்போனது. சொல்லி முடித்துவிட்டு, சின்ன வயதில் செய்கிற மாதிரி, அவளாகவே தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை வருடம் கையை நீட்டி நீட்டிப் பிடிக்கப் பார்த்தது, கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தபோது வந்து தோளில் இருந்தது. கை இரண்டும் மரத்துப் போயிருந்தன. அவர் எடுக்கவில்லை.

“இங்கயே இருக்கட்டும்பா” என்றாள் மகள், பூனையைப் பார்த்து.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் இது கதை இல்லை. ஒரு இனத்தின் வரலாறு. இனம் மாறாது.

மகள் ஊருக்குப் போன அடுத்த வாரம், மச்சினன் வந்தான். நம்மவர் வாசலிலேயே அவன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். “மாப்ள, உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன்! கண்ணைப் பாக்காதே! கையை நீட்டாதே! பேசவே பேசாதே! தானா வரும்! என்கிட்ட எப்படி வந்துச்சு தெரியுமா?” அவனிடம் குட்டி முதல் நாளே வந்துவிட்டது என்பதை அவன் எடுத்துச் சொல்லப் பார்த்தான், தும்மல் வந்துவிட்டது. செயலாளர் வந்தபோது இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருப்பதன் மகிமையை உச்சக் குரலில் பேசினார்கள். கடையில் புதிதாக வந்த ஒரு தம்பதியை அவரே சோபாவில் உட்கார வைத்து, “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்! ஒரு வார்த்தை பேச மாட்டேன்! நீங்களா பாருங்க!” என்று பக்கத்திலேயே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் அலமாரிகளின் பக்கம் போனார்கள். மீசையும் திரும்ப முளைத்துக்கொண்டிருக்கிறது. குட்டி ஒரு நாள் மடியிலும், விருந்தாளிகள் வந்து அவர் வித்தை காட்டுகிற நாளில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலுமாக வளர்ந்து வருகிறது. ஒன்று மட்டும் உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் வீடியோ வரும்போது அவர் தன் கைகளின் மேல் உட்கார்ந்துகொள்கிறார். பல வாரங்களாக அங்கே மீட்டிங் எதுவும் வரவில்லை.

இதை எழுதி முடித்ததும், எழுதியவர் மகிழ்ச்சி தாங்காமல், “எல்லாரும் வாங்க! ஒண்ணு வாசிச்சுக் காட்டறேன், பிரமாதமா இருக்கும்!” என்று வீட்டில் குரல் கொடுத்தார். யாரையும் காணோம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கூச்ச சுபாவம்.

நீங்கள் அப்படி இல்லைதான். இதைப் படிக்கும்போது உங்கள் பெரியப்பாவும் உங்கள் மேலதிகாரியும் எதிர் வீட்டு மாமியும்தான் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். “அப்படியே அவர்தான்!” என்று சிரித்திருப்பீர்கள். இப்போதே எழுந்து போய் வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்து, இதைப் படித்தே ஆக வேண்டும் என்று சொல்லக் கை பரபரக்கிறது, இல்லையா? தாராளமாகப் போங்கள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்த சத்தத்துக்கு, அடுத்த அறையின் கதவு மெல்லச் சாத்திக்கொண்டதே, அது காற்றா?